பாலத்துக்கு அப்பால் ஒரு வீடு

மாமியின் அடக்க ஆராதனையில் போதகர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். முழுத்தாளில் இரண்டு பக்கம். எந்த ஊரில் பிறந்தார், என்ன வயதில் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தார், எத்தனை பிள்ளைகளைப் பெற்று எத்தனை பேரைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தார், சபையில் யார் யார் வீட்டுப் பிரசவத்துக்குப் போய் நின்றார், வைசூரி வந்த வருஷத்தில் சொந்தக்காரர்களே நுழையாத வீடுகளுக்குள் நுழைந்து எப்படிப் பிணங்களைக் குளிப்பாட்டினார், எல்லாம் அதில் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் சனிக்கிழமைதோறும் அவர் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி எடுத்து வந்த சங்கதி அதில் ஒரு வரிகூட இல்லை. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நாகரிகம் கருதி விட்டிருந்தார்கள். அந்த நாகரிகத்துக்குக் காரணமானவள் நான்.

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பால்காரி செம்பைச் சாய்க்கிற விதத்திலேயே அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். துணி வெளுத்து வந்தால் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பு வண்ணானின் முகத்தைப் பார்ப்பேன். என் கணவர் மாமிக்கு ஒரே மகன். என்னைப் போலீஸில் சேர்த்திருந்தால் திருவிதாங்கூரில் திருட்டே இருந்திருக்காது என்று கேலி செய்வார். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. அப்பா செத்தபின் அம்மாவை எத்தனை பேர் ஏமாற்றினார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

மாமியையும் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டேன். ஊரே நல்லவர் என்று சொல்கிற ஒருவரோடு ஒரே அடுக்களையில் இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும். அவர் கோபப்பட மாட்டார். குழம்பில் உப்புக் கூடிப்போனாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். விடிந்ததும் வேதத்தைச் சத்தமாக வாசிப்பார், முழங்காலில் நின்று ஜெபிப்பார். நான் ஒருநாள் இடையில் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்திருப்பார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். இவ்வளவு நல்லவராக ஒருத்தர் இருக்க முடியுமா, எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும், நானே கண்டுபிடிப்பேன் என்று இருந்தேன்.

பிடியரிசி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும், சோற்றுக்கு அரிசி களைவதற்கு முன்னால் வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுக்களை மூலையில் இருக்கும் ஒரு சிறு கலயத்தில் போட்டுத் துணியால் மூடிவைப்பாள். அது கர்த்தருக்கு. சனிக்கிழமை பெண்கள் சங்கத்திலிருந்து ஒருத்தி பனையோலைக் கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். வீட்டுக்காரி முன்பக்கம் நின்றுகொள்வாள். வந்தவள் தனியாக அடுக்களைக்குள் போய்க் கலயத்தைக் கடவத்தில் கவிழ்த்துக்கொண்டு, வெறும் கலயத்தை மறுபடி மூடிவைத்துவிட்டு வந்துவிடுவாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடவங்களும் கோயிலில் பீடத்துக்கு முன்னால் வரும். அதைச் சபையாரிடம் ஏலம் விட்டுத்தான் சங்கத்தின் தையல் பள்ளிக்கூடம் நடந்தது.

பல வீட்டு அரிசி என்பதால் பிடியரிசியைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சிவப்புச் சம்பாவும், வெள்ளைப் புழுங்கலும், பச்சரிசியும், குருணையும் கலந்து கிடக்கும். பொங்கினால் ஒரு மணி குழைந்துவிடும், இன்னொரு மணி பல்லில் கடிபடும். பீடத்துக்கு முன்னால் பார்த்தால் அழகாக இருக்கும், வாயில் போட்டால் நன்றாக இராது.

எங்கள் பக்கத்துக்கு மாமிதான் எடுத்தார். கோயிலை ஒட்டிய வீடுகளில் ஆரம்பித்து, எங்கள் தெரு, பிறகு சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகள், அதற்கு அப்புறம் என் நாத்தனார் வீடு, கடைசியாகக் கரமனைப் பாலம் தாண்டி ஒரே ஒரு வீடு. அந்த ஒரே வீடு என் அம்மா வீடு. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா போனபின், அம்மாவும் என் தங்கையும் அங்கே தனியாக இருந்தார்கள். அம்மா தையல் வேலை எடுத்துச் செய்தாள். எந்த நிலையிலும் அம்மா வீட்டுக் கலயம் காலியாக இருந்ததில்லை என்று நான் போகிற இடமெல்லாம் பெருமை பேசுவேன். மாமியிடமும் பேசியிருக்கிறேன். “ஆமா பிள்ளே, உங்க அம்மைக்கு உள்ள மனசு யாருக்கும் வராது” என்பார். அதிலும் ஏதோ குத்தல் இருக்கிறதோ என்று பார்ப்பேன்.

யுத்தத்தால் பர்மா அரிசி வருவது நின்றுபோன வருஷங்கள் அவை. ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றால் கல்லும் உமியுமாகக் கொஞ்சம் கிடைக்கும். பாதிப்பேர் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். அப்படியும் பிடியரிசி எடுப்பதைச் சங்கம் நிறுத்தவில்லை. கஷ்ட காலத்தில் கொடுப்பதுதான் கொடுப்பது என்று செயலாளர் அம்மாள் சொன்னார். அவர் வீட்டில் வயல் நெல் வந்தது.

ஒரு சனிக்கிழமை மண்ணெண்ணெய்க்காகச் சாலைக் கடைவீதியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மாமி எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்தேன். கடவம் குவிந்திருந்தது. ஓரத்தில் அரிசி சிந்திவிடாமல் முந்தானையை மேலே போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவர் வீடு திரும்பிக் கடவத்தை இறக்கியபோது அதில் பாதிதான் இருந்தது. நான் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினேன். வீட்டுக்கு வீடு நிறைய வேண்டிய கடவம் எப்படிக் குறையும்?

அடுத்த சனிக்கிழமையும் அடுத்ததும் பார்த்தேன். நானும் கூட வருகிறேன், சுமை தூக்குகிறேன் என்று கேட்டேன். “நீ வரண்டாம், வீட்டு வேலை கெடக்கு” என்று தட்டிவிட்டார். ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் அவர் சத்தமாக ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வெளியே வருவார் என்று மற்றப் பெண்கள் புகழ்ந்து சொன்னார்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஜெபச் சத்தம் அரிசிச் சத்தத்தை மறைக்கத்தான். அப்படி நினைத்ததில் எனக்கு எவ்வளவு திருப்தி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அரிசி போகிற இடமும் எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். நாத்தனார் வீடுதான். அவள் புருஷனுக்கு வேலை போய் மாசக்கணக்காகியிருந்தது. இருந்தும் அவள் கைக்குழந்தை கன்னம் உப்பலாக இருந்தது. ஊரே வற்றிப்போய்க் கிடக்கிறபோது அந்தக் கன்னம் எங்கிருந்து வந்தது? ஒரு சனிக்கிழமை மாமி போய் வந்த பிற்பாடு, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் மரச்சீனி வெந்துகொண்டிருந்தது. அரிசி இருந்த அடையாளமே இல்லை. என்னைக் கண்டதும் அவள் சந்தோஷமாக ஒரு துண்டுக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் எடுத்து வைத்தாள். தின்றேன். எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

அங்கிருந்து பாலம் தாண்டி அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா கஞ்சி ஊற்றினாள். வாயில் வைத்தால் ஒரு மணி மாவாகக் குழைந்திருந்தது, ஒரு மணி கடிபட்டது. நடுவில் சிவப்பாக நாலு மணி. ரேஷன் கடைக்காரன் கண்ட அரிசியையும் கலந்து போடுகிறான், இவனையெல்லாம் கேட்க ஆளில்லை என்று பொரிந்து தள்ளினேன். அம்மா “ஆமா மக்களே” என்றாள். தங்கை எழுந்து கிணற்றடிக்குப் போனாள். பால்காரியின் செம்பைப் பார்த்தே தண்ணீரைக் கண்டுபிடிக்கிறவள், என் தட்டில் இருந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா வீட்டில் சந்தேகப்பட எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் செயலாளர் அம்மாளிடம் சொன்னேன். வருத்தத்தோடு சொல்கிற மாதிரி சொன்னேன். சங்கத்தின் காரியம் என்பதால் மனசாட்சி உறுத்துகிறது என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆராதனை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் மாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நானும் கதவோரம் நின்றேன். செயலாளர் அம்மாள் சுற்றி வளைத்துக் கேட்டார். மாமி சுற்றி வளைக்கவில்லை.

“எடுத்தது உண்டு. யாருக்குன்னு கேக்கண்டாம்.”

மறுபடி கேட்டார்கள். சொல்லிவிட்டால் மன்னித்துவிடலாம் என்றார்கள். வயதில் மூத்த ஒருத்தி, பெற்ற மகள் வீட்டுக்குக் கொடுத்ததைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று கேட்டாள். மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் கடவத்தை அவர் கையிலிருந்து வாங்கிவிடுவதென்று தீர்மானமாயிற்று. அதற்கும் அவர் முகம் மாறவில்லை. அடுத்து அதை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. நேர்மையான மருமகள் இருக்கிறாளே, அவளே எடுக்கட்டும் என்றார் செயலாளர் அம்மாள்.

அப்போதுதான் மாமி பயந்ததைப் பார்த்தேன். எழுந்து நின்றார்.

“அவ வேண்டாம். வேற யாருட்ட வேணும்னாலும் குடுங்க. இவ வேண்டாம்.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பிடிபட்ட பின்னும் என்மேல் வஞ்சம். கடவத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவசியத்துக்குத்தான் பேச்சு. என் கணவர் யார் பக்கமும் சேராமல் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். வெள்ளிக்கிழமை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கீரைக்கட்டை எடுத்துத் தானும் ஆய்ந்தார். பாலம் வரைக்கும் போனால் போதும், அதற்கு அப்புறம் ஒரு வீடுதானே, வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம், அந்த ஒரு வீட்டுக்குத் தான் போய்விட்டு வருகிறேன் என்றார். குரல் கெஞ்சலாக இருந்தது. இத்தனை பட்டும் என் அம்மா வீட்டு அரிசியின் மேலேயே கண்ணா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா கொடுக்கிறது ஒரு மணி குறையாமல் கோயிலுக்குப் போய்ச் சேரும், யாரும் கஷ்டப்பட வேண்டாம் என்றேன். அவர் கீரையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை புறப்பட்டேன். கோயிலை ஒட்டிய வீடுகளிலும் எங்கள் தெருவிலும் கலயங்கள் கனமாகவே இருந்தன. சாலைக் கடைவீதிக்கு வரும்போது கடவம் குவிந்துவிட்டது. மாமி செய்த மாதிரியே நானும் முந்தானையை மேலே போட்டுக்கொண்டேன்.

கடைவீதிக்குப் பின்னால் முதல் சந்தில் ஒரு வீடு. கலயத்தைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. வெளியே வந்தேன். வீட்டுக்காரி என்னைத் தாண்டிக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். கலயத்துத் துணியை விலக்கும் சத்தம் கேட்டது. நான் எதையாவது தூக்கிக்கொண்டு போகிறேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலில் வந்து நின்று என் கடவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சந்திலும் ஒரு வெறும் கலயம். அங்கேயும் அதே பார்வை. மாமி வரவில்லையா என்று இரண்டு பேரும் கேட்டார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் எதற்கு அவரைத் தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நாத்தனார் வீட்டுக் கலயத்தில் ஒரு பிடி அரிசி இருந்தது. ஒரே ஒரு பிடி, கல் பொறுக்கிச் சுத்தமாக. அடுப்பில் அன்றைக்கும் மரச்சீனிதான். குழந்தைக்குக் கஞ்சி வைக்கிற அரிசியிலிருந்து எடுத்து வைத்தேன், அது போதாதே மைனி என்று அவள் சங்கடப்பட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன். பாலத்தில் நடக்கும்போது இடுப்பு வலித்தது. கடவத்தை மாற்றி வைத்துக்கொண்டேன். கீழே ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டாம் போல இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அம்மா வாசலிலேயே என்னைத் தடுத்தாள். நீ இங்கே உட்கார், கலயத்தை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். எடுக்க வந்தவள்தான் உள்ளே போக வேண்டும், அதுதான் முறை என்று சொல்லி அவளை விலக்கிக்கொண்டு போனேன்.

கலயம் கழுவித் துடைத்து வாய் திறந்து இருந்தது. மூடும் துணி மடித்துப் பக்கத்தில் கிடந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. போடுவதற்கு அரிசி எங்கேயும் இல்லை. அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன், அடியில் உமிதான் இருந்தது. தங்கை சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

“மாமி வரல்லியா மக்களே?”

இனிமேல் நான்தான் வருவேன் என்றேன்.

“உனக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் அவியகிட்ட வாக்கு வாங்கினேன். ஜெபம் பண்ணி வாக்குக் குடுத்தாவ.” அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, “நீ புகுந்த வீட்டுல தலை நிமிந்து இருக்கணும்லா” என்றாள்.

அங்கே நான் உடைந்துபோனேன். குவிந்த கடவம் பாதியானது எங்கே என்று தெரிந்தது. இரண்டு சந்துகளிலும் என் பின்னால் நின்று பார்த்த கண்கள் எதற்காகப் பார்த்தன என்று தெரிந்தது. நான் புகார் சொன்ன அரிசியை, இதே இடத்தில் உட்கார்ந்து, உப்புப் போட்டு நானே குடித்திருக்கிறேன்.

கடவத்துக்குள் கையை விட்டேன். கர்த்தருக்கென்று கொடுத்த அரிசி. சிவப்பும் வெள்ளையும் குருணையுமாக இரண்டு கையாலும் அள்ளிக் கலயத்தில் போட்டேன். சத்தம் கேட்டது. பின்பக்கம் பக்கத்து வீட்டுக்காரி விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைச் சத்தம் நின்றது. நான் வாயைத் திறந்து சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. கலயம் நிறையும்வரை ஜெபித்தேன். திரும்பி வருகிற வழியில் அந்த இரண்டு சந்து வீடுகளுக்கும் போய் ஜெபித்தேன்.

வீட்டு வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தார். கடவத்தை வாங்கும்போதே கனம் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தார். நாளைக்கே எழுந்து நின்று சங்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, செம்பில் மோர் கொண்டுவந்து தந்தார்.

“நீ ஒண்ணும் சொல்லண்டாம். எனக்குப் போன பேரு போட்டும், சாரமில்ல. உங்க அம்மை அந்தக் கோயிலுக்குத் தலை நிமிந்து வரணும், கேட்டியா.”

கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை இனி மறைக்கப்போவதில்லை. என் அம்மாவின் வறுமை ஊருக்குத் தெரியாமல் போகும், நான் பொய்க்காரி என்பதும் தெரியாமல் போகும். இரண்டுக்கும் சேர்த்து அவர் ஒருத்தர் தலை குனிந்தால் போதும் என்று ஆயிற்று. நான் மோரைக் குடித்தேன்.

அதன்பின் அரிசி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கும்வரை நான்தான் எடுத்தேன். என் கடவமும் பாதியாகத்தான் கோயிலுக்கு வந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலம் அப்படி, பாவம் வீடுகளில் என்ன இருக்கிறது என்று செயலாளர் அம்மாளே சொன்னார். மாமி சங்கக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்காருவார். எந்தப் பொறுப்பும் அவரிடம் கொடுக்க மாட்டார்கள். பிரசவத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஆள் அனுப்புவார்கள். போவார்.

மாமி போய்ச் சில வருஷங்களில் அம்மாவும் போய்விட்டாள். தங்கை நன்றாக இருக்கிறாள், எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். இதைக்கூட மாமிக்காக எழுதுகிறேனா, என் பாரத்தை இறக்க எழுதுகிறேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாமியின் அடக்க ஆராதனையில் அம்மா எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பெற்ற மகளைவிடச் சத்தமாக அழுதாள். சம்பந்தியம்மாளுக்கு என்ன பாசம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். போதகர் இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்து மடித்துவைத்தார். செயலாளர் அம்மாள் என் பக்கம் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பழைய காரியத்த எழுதண்டாம்னு போதகர் ஐயாகிட்ட நான்தான் சொன்னேன். உனக்குத்தானே மனசு கஷ்டப்படும்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் செயலாளர் அம்மாளுக்கு நன்றி சொன்னேன்.